லூபஸ் அசதியோடு உடற்பயிற்சி செய்யலாமா? எந்த அளவில் தொடங்குவது?

கேள்வி: "எனக்கு வயது 36. சில வருடங்களாக லூபஸ் இருக்கிறது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் குறைந்த அளவில் ஸ்டீராய்டும் எடுக்கிறேன். போன மாத ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு, நோய் கட்டுக்குள் இருக்கிறது என்றார் மருத்துவர். ஆனாலும் காலையில் எழும்போதே உடம்பை அடித்துப் போட்டதுபோல இருக்கிறது. சமையல் முடிவதற்குள் உட்கார்ந்துவிடுகிறேன். தினமும் ஒரு மணி நேரம் நடந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் கணவர். டிரெட்மில் வாங்கித் தருவதாகவும் சொல்கிறார். அம்மாவோ, அசையாதே, படுத்து ஓய்வெடு என்கிறார். தெம்பாக இருந்த ஒரு நாள் முக்கால் மணி நேரம் நடந்தேன். அடுத்த மூன்று நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. யார் சொல்வதைக் கேட்பது?"

பதில்:

கணவர் சொன்னதில் 'நட' என்பது சரி, 'ஒரு மணி நேரம்' என்பது தவறு. அம்மா சொன்னதில் 'ஓய்வெடு' என்பது சரி, 'அசையாதே' என்பது தவறு. முக்கால் மணி நேரம் நடந்து மூன்று நாள் படுத்ததை வைத்து, உடற்பயிற்சியே நமக்கு ஒத்துக்கொள்ளாது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தொடங்கிய அளவு அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான். வாதநோய்ப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்ப்பதால் இதைப் பலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். லூபஸ் என்பது நோய் எதிர்ப்பாற்றல் நம் உடம்பையே தாக்கும் நோய். அது உள்ள பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களில் பெரும்பாலோர் குடும்பம், வேலை, குழந்தை என்று உட்காரவே நேரம் கிடைக்காத வயதில் இருப்பவர்கள். அவர்களிடம் "போய் நடங்க" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்புவது நியாயமில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பயத்தைப் பற்றி. உடம்பை வருத்தினால் லூபஸ் கிளம்பிவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2003இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில் லூபஸ் உள்ள 93 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு 12 வாரம் வீட்டிலிருந்தபடியே நடை, சைக்கிள், நீச்சல் போன்றவற்றைப் படிப்படியாகச் செய்தது. இன்னொரு குழு உடம்பைத் தளர்த்தும் ஓய்வுப் பயிற்சி செய்தது. மூன்றாவது குழு எப்போதும்போல இருந்தது. கடைசியில் பயிற்சிக் குழுவில் ஏறக்குறைய பாதிப் பேர் நன்றாகத் தேறியிருப்பதாகச் சொன்னார்கள். ஓய்வுப் பயிற்சிக் குழுவில் 28 சதவீதம் பேரும், எதுவும் செய்யாத குழுவில் 16 சதவீதம் பேரும்தான் அப்படிச் சொன்னார்கள். பயிற்சியால் நோய் தீவிரமாகவில்லை. அதே சமயம், பயிற்சி செய்தவர்களில் மீதிப் பாதிக்குப் பெரிய மாற்றம் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 'செய்தால் எல்லாம் சரியாகும்' என்று யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. இருந்தாலும், அசதிக்கு இன்று நம்மிடம் இருக்கும் வழிகளில் இது நல்ல ஒன்று. ஐரோப்பிய வாதநோய்ச் சங்கங்களின் கூட்டமைப்பான யூலார் 2023இல் தந்த பரிந்துரைகளிலும், லூபஸ் உள்ளவர்களுக்கு அவரவர் நிலைக்கேற்ற உடற்பயிற்சி இடம்பெற்றிருக்கிறது.

அசதியைத் தாண்டி இன்னொரு காரணமும் உண்டு, அது இதயம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நடந்து 1997இல் வெளியான ஓர் ஆய்வில், லூபஸ் உள்ள 35 முதல் 44 வயதுப் பெண்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு அதே வயதுள்ள மற்ற பெண்களைவிட 50 மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. அந்த வயதில் மற்ற பெண்களுக்கு மாரடைப்பு மிக அரிது என்பதால்தான் மடங்குக் கணக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. பயப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. ரத்த அழுத்தம், கொழுப்பு, எடை, அசைவு எல்லாம் உங்கள் வயதிலேயே கவனிக்க வேண்டியவை என்பதற்காகச் சொல்கிறேன். ஸ்டீராய்டு எலும்பையும் தசையையும் கரைக்கும். அந்த இரண்டையும் காப்பாற்றவும் மருந்தோடு அசைவு வேண்டும்.

சரி, நாளைக் காலையிலேயே தொடங்கிவிடலாமா? அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நோய் கட்டுக்குள் இருக்கிறது என்பதும் அசதிக்கு வேறு காரணமே இல்லை என்பதும் ஒன்றல்ல. ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள். லூபஸில் ரத்தசோகை பல வழிகளில் வரும். மாதவிடாயில் ரத்தம் அதிகம் போனால் இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்துகொள்ளும். ரத்தசோகையால் தெம்பே இல்லாத நிலையில், அதைச் சரிசெய்யாமல் நடைப்பயிற்சியைத் தொடங்குவது உடம்புக்குச் செய்கிற கொடுமை. தைராய்டு பாருங்கள். தைராய்டுக் குறைபாடு லூபஸோடு சேர்ந்து வருவது சாதாரணம். வைட்டமின் டி பாருங்கள். வெயிலைத் தவிர்க்கச் சொல்லி உங்களுக்கு அறிவுறுத்தப்பட்டிருப்பதால் அது குறைந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தூக்கம் எப்படி? ஸ்டீராய்டைக் காலையில் சாப்பிடாமல் மாலையில் சாப்பிடுபவர்கள் இரவில் விழித்துக் கிடப்பார்கள். மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உடம்பு முழுக்க, தசைகளில் எல்லாம் வலி பரவியிருந்தால் ஃபைப்ரோமயால்ஜியா என்ற நாள்பட்ட வலி நோயும் கூட இருக்கலாம். எதிலும் மனம் ஒட்டாமல், பிடித்த விஷயத்தில்கூட ஆசையில்லாமல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். நீண்ட நோயோடு வாழ்பவர்களுக்கு மனச்சோர்வு வருவது இயல்பு, அதற்கு மருத்துவமும் இருக்கிறது.

இதில் அடிக்கடி தவறிப்போகும் ஒன்றைத் தனியாகச் சொல்கிறேன். ஸ்டீராய்டு அதிக அளவிலோ நீண்ட நாளோ எடுத்தவர்களுக்கு இடுப்பு, தொடை, தோள் பகுதிகளின் பெரிய தசைகள் பலவீனமாகிவிடும். பெரும்பாலும் வலி இருக்காது. தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாது. பேருந்துப் படி உயரமாகத் தெரியும். தலை வாரும்போது கை பாதியில் இறங்கிவிடும். மேல் அலமாரியிலிருந்து டப்பாவை எடுப்பது பெரும்பாடாக இருக்கும். இதையெல்லாம் 'அசதி' என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். மருத்துவரும் அசதி என்றே எழுதிக்கொள்கிறார். இது தசை பலவீனம். மருந்தின் அளவைக் குறைக்க முடியுமா என்று மருத்துவர் பார்ப்பார். தினசரி ஸ்டீராய்டு 5 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்வதுதான் இப்போதைய இலக்கு. நீங்களாகக் குறைப்பதோ நிறுத்துவதோ ஆபத்து. கூடவே, தசையை வலுப்படுத்தும் பயிற்சிக்கு இந்தத் தசை பலவீனம் நன்றாகவே இணங்கும்.

அசதியை மருத்துவரிடம் எப்படிச் சொல்வது என்று பலரும் திணறுகிறார்கள். அசதியின் தீவிரத்தை அளக்க ஒன்பது வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோல் 1989இலிருந்து இருக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண் போட வேண்டும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய் உள்ளவர்களையும் லூபஸ் உள்ளவர்களையும் வைத்துத்தான் அதைச் சோதித்து உருவாக்கினார்கள். உங்கள் மருத்துவமனையில் அது இருந்தால் நிரப்பித் தாருங்கள். இல்லாவிட்டால், 'சமையலுக்கு நடுவில் எத்தனை முறை உட்காருகிறேன்', 'குளித்த பிறகு எவ்வளவு நேரம் படுக்கிறேன்' என்று எழுதிக்கொண்டு போங்கள். 'ரொம்ப அசதியா இருக்கு' என்பதைவிட அது பத்து மடங்கு உதவும்.

இப்போது நான் மிகவும் முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். "வீட்டு வேலையே பெரிய உடற்பயிற்சிதானே" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். இல்லை. வீட்டு வேலை தெம்பை எடுக்கும், ஆனால் பயிற்சி தரும் பலனைத் தராது. அடுப்படிச் சூட்டில் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் நிற்பது, ஈரத்துணியைப் பிழிவது, தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது எல்லாம் வலிக்கிற மூட்டிலேயே திரும்பத் திரும்பச் சுமையை ஏற்றுகின்றன. எப்போது நிறுத்தலாம் என்பதை முடிவுசெய்வது உங்கள் உடம்பு அல்ல, மற்றவர்களின் சாப்பாட்டு நேரம். இதையெல்லாம் முடித்துவிட்டு, மிச்சமிருக்கும் துளி தெம்பில் நடைப்பயிற்சியும் செய் என்றால் உடம்பு படுத்துவிடத்தான் செய்யும். நீங்கள் முக்கால் மணி நேரம் நடந்த அன்று வீட்டு வேலை எதையாவது குறைத்தீர்களா? பெரும்பாலும் குறைத்திருக்க மாட்டீர்கள்.

பயிற்சிக்கான தெம்பை ஏற்கெனவே செய்யும் வேலையிலிருந்துதான் எடுக்க வேண்டும், அதற்கு மேல் ஏற்றக்கூடாது. காய்கறியை உட்கார்ந்து நறுக்குங்கள். அடுப்படியில் உயரமான ஸ்டூல் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். தோசை மாவைக் கடையில் வாங்குங்கள், அதில் குற்ற உணர்வே வேண்டாம். துணி பிழிவது, தண்ணீர் கேன் தூக்குவது, வீடு துடைப்பது ஆகிய மூன்றையும் வேறொருவர் எடுத்துக்கொள்ளட்டும். இதைக் கணவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். உங்களுக்காகப் பணம் செலவழிக்கத் தயாராக இருப்பவர், காலையில் அரை மணி நேர வேலையையும் ஏற்றுக்கொள்வார் என்றே நம்புகிறேன். அம்மாவுக்கும் இது பிடிக்கும். அவர் கேட்கும் ஓய்வு இதில்தான் கிடைக்கிறது.

அடுத்தது அளவு. நல்ல நாளில் எவ்வளவு முடியும் என்பதை வைத்து அளவை முடிவுசெய்யக் கூடாது. சுமாரான ஒரு நாளில், மறுநாள் அவதிப்படாமல் எவ்வளவு முடியுமோ அதுதான் உங்கள் தொடக்க அளவு. சிலருக்கு அது பத்து நிமிட நடை. சிலருக்கு வாசல் வரை போய் வருவது. ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள் என்று நான் சொன்னால் பலரும், "இதெல்லாம் ஒரு பயிற்சியா" என்பதுபோலப் பார்ப்பார்கள். ஆமாம், பயிற்சிதான். செய்து முடித்ததும் 'இன்னும் கொஞ்சம் முடியும்' என்று தோன்ற வேண்டும். அப்படித் தோன்றும்போதே நிறுத்த வேண்டும். அதுதான் கடினமான பகுதி. தெம்பு இருக்கும் நாளில் ஆசை இழுக்கும்.

செய்யும்போது எப்படி இருந்தது என்பதைவிட, மறுநாளும் அதற்கடுத்த நாளும் எப்படி இருக்கிறது என்பதையே பாருங்கள். தசையில் லேசான இழுப்போ வலியோ இருந்து ஓரிரு நாளில் போய்விட்டால் பரவாயில்லை. அசதி கூடி இரண்டாவது நாளும் இறங்கவில்லை என்றால் அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டும். இரண்டு வாரம் ஒரே அளவில் செய்து, அடுத்த நாள் தொந்தரவு இல்லை என்றால் நடையில் ஓரிரு நிமிடம் கூட்டலாம். நேரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்ட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உழைப்பைப் பரிந்துரைக்கிறது. கொஞ்சம் செய்வது எதுவும் செய்யாமல் இருப்பதைவிட நல்லது என்றும் அதே நிறுவனம்தான் சொல்கிறது. உங்களுக்கு இப்போது இரண்டாவது வரி போதும்.

வேகத்துக்கு ஒரு எளிய சோதனை உண்டு. நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை நம்பி நடப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள் துடிப்பைக் கட்டிப்போட்டுவிடும். அப்போது எண் ஏமாற்றும், பேச்சு ஏமாற்றாது.

என்னென்ன செய்யலாம்? காலையில் எழுந்ததும் மூட்டெல்லாம் இறுக்கமாக இருக்கும்போது படுக்கையிலேயே தொடங்குங்கள். விரல்களை மெதுவாக மடக்கி விரியுங்கள், மணிக்கட்டைச் சுழற்றுங்கள், கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள், முழங்காலை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுங்கள். ஒவ்வொன்றும் ஐந்து முறை போதும். வெந்நீரில் குளித்த பிறகு செய்தால் இன்னும் இலகுவாக இருக்கும்.

தசைக்கு நான் முதலில் கொடுப்பது நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. சுவரோடு ஒட்டிப் போட்ட உறுதியான நாற்காலி வேண்டும். வழுக்கும் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, பாதத்தை முழங்காலுக்குச் சற்று உள்ளே இழுத்து வைத்து, முன்னால் சாய்ந்து எழுந்திருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணும் நேரம் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். இந்த மெதுவான இறக்கமும் தசையைப் பலமாக்கும். முடியவில்லை என்றால் நாற்காலியின் மேல் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள், கையாலும் ஊன்றிக்கொள்ளலாம். ஐந்து முறை, வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது இடைவெளி. சில வாரங்களில் தரையிலிருந்து எழுவதும் படி ஏறுவதும் இலகுவாவதை நீங்களே உணர்வீர்கள்.

இதோடு சுவரில் கை வைத்து மெதுவாகச் சாய்ந்து தள்ளிவருவது தோளுக்கும் கைக்கும் நல்லது. மணிக்கட்டு வலித்தால் உள்ளங்கைக்குப் பதில் முழங்கை வரை சுவரில் ஊன்றிக்கொள்ளலாம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். இந்த மூன்றுமே தொடக்கத்துக்குப் போதும். டம்பெல் வேண்டாம். லூபஸில் விரல் மூட்டுகளின் தசைநார்கள் தளர்ந்து விரல்கள் பக்கவாட்டில் சாயும் நிலை சிலருக்கு வருவதுண்டு. இறுக்கிப் பிடிக்கும் எதுவும் அவர்களுக்கு ஆகாது. பந்தை அழுத்திக் கசக்கும் பயிற்சி எல்லா மூட்டுவலிக்கும் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். விரல் வீங்கியிருக்கும்போது அதைச் செய்யவே கூடாது.

நடையைப் பொறுத்தவரை நம் ஊரில் பெரிய தடை வெயில். புற ஊதாக் கதிர் தோலை மட்டும் பாதிப்பதில்லை, லூபஸையே கிளப்பிவிடும். காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் சூரியன் இறங்கிய பிறகு போங்கள். முழுக்கைச் சட்டை, அகன்ற விளிம்புள்ள தொப்பி அல்லது குடை, எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் எல்லாம் மேகமூட்டமான நாளிலும் வேண்டும். பகலில் மொட்டை மாடியில் நடக்காதீர்கள். வெளிர் நிறத் தரை கதிரைத் திருப்பி அடிக்கும், குடைக்குக் கீழேயும் முகத்தில் படும். மே மாதத்தில் வீட்டுக் கூடத்திலேயே நடப்பதுதான் புத்திசாலித்தனம். குளிரில் விரல் வெளுத்து நீலமாகும் பிரச்சினை இருப்பவர்கள் ஏசியின் நேர்க்காற்றிலும் குளிர்ந்த நீச்சல் குளத்திலும் பயிற்சி செய்ய வேண்டாம்.

எட்டுப் போட்டு நடப்பதைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். இடம் குறைவாக இருக்கும் வீட்டில் நடக்க அது ஒரு வழி, அவ்வளவுதான். லூபஸுக்கென்று அதில் தனிப் பலன் எதுவும் இல்லை. சின்ன வட்டத்தில் ஓயாமல் திரும்புவது வலிக்கிற முழங்காலையும் இடுப்பையும் இன்னும் நோகடிக்கும். கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராகப் போய்வருவது நல்லது.

யோகாவில் மெதுவான மூட்டு அசைவுகள், மூச்சுப் பயிற்சி, சவாசனம் எல்லாம் செய்யலாம். சூரிய நமஸ்காரத்தில் தொடங்க வேண்டாம். மணிக்கட்டில் உடம்பின் எடை இறங்குகிறது, குனிந்து நிமிர்வது தொடர்ச்சியாக வருகிறது. எலும்பு அடர்த்தி குறைந்திருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள் முன்னால் ஆழமாகக் குனியும் ஆசனங்களையும் தலைகீழ் ஆசனங்களையும் விட்டுவிட வேண்டும், முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து இருக்கிறது. யோகா வகுப்பில் சேரும் நாளிலேயே ஆசிரியரிடம் நோயையும் ஸ்டீராய்டையும் சொல்லிவிடுங்கள். வலியைத் தாண்டிச் செய்யச் சொல்லும் ஆசிரியர் உங்களுக்கு வேண்டாம்.

தொடை இடுக்கில் வலி வந்தால் அதை நடையால் வந்த வலி என்று விட்டுவிடாதீர்கள். ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு இடுப்பு எலும்பு மூட்டின் பந்துப் பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு செத்துப்போகும் நிலை வரலாம். காலை ஊன்றும்போதும் சம்மணமிடும்போதும் வலிக்கும், சில சமயம் முழங்காலில் வலிப்பதுபோலவும் தெரியும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐயில் தெரியும். பார்க்கும் வரை நடைப்பயிற்சியை நிறுத்திவையுங்கள்.

சில அறிகுறிகள் வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்: காய்ச்சல், புதிதாக வீங்கிச் சிவந்த மூட்டு, முகத்தில் புதுத் தடிப்பு, வாய்ப்புண், சிறுநீரில் நுரை, கால் அல்லது கண்ணைச் சுற்றி வீக்கம். நெஞ்சுவலி, படுத்தால் மூச்சு முட்டுவது, மயக்கம், ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலிப்பது ஆகியவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தம் உறையச் செய்யும் ஆன்டிபாடி லூபஸ் உள்ள பலருக்கு இருப்பதால் கடைசியாகச் சொன்னது முக்கியம்.

நோய் மறுபடி கிளம்பும் காலம் வரும். அப்போது நடையையும் தசைப் பயிற்சியையும் நிறுத்திவிட்டு, படுக்கையில் செய்யும் மூட்டு அசைவுகளை மட்டும், அதுவும் வலிக்காத அளவுக்கு, வைத்துக்கொள்ளுங்கள். மூட்டு இறுகாமல் இருக்க அது உதவும். மருத்துவர் நோய் அடங்கிவிட்டது என்று சொன்ன பிறகு, விட்ட இடத்தில் தொடங்காமல் அதில் பாதியில் தொடங்குங்கள். மனம் வலிக்கத்தான் செய்யும். இருபது நிமிடம் நடந்துகொண்டிருந்தவர் பத்துக்கு இறங்குவது தோற்றுப்போனதுபோல இருக்கும். ஆனால் திரும்ப இருபதுக்கு வர முதல் தடவை ஆன அளவுக்கு நாள் பெரும்பாலும் ஆவதில்லை.

ஒரு சிலருக்கு எவ்வளவு சின்ன அளவில் தொடங்கினாலும் மறுநாள் உடம்பு விழுந்துவிடுகிறது. குளித்தாலே, சற்று நேரம் பேசினாலே அப்படி ஆகிறது. உங்களுக்கும் அப்படி இருந்தால் வலுக்கட்டாயமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டாம். நாள்பட்ட சோர்வு நோய் என்று தனியாக ஒன்று உண்டு. அதில் படிப்படியாகப் பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையைத் தரக்கூடாது என்று இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல் சொல்லிவிட்டது. லூபஸ் அசதி அதிலிருந்து வேறு, பெரும்பாலானவர்களுக்குப் பயிற்சி ஒத்துக்கொள்கிறது. ஆனால் இரண்டும் ஒருவரிடமே இருக்க முடியும். உங்கள் உடம்பு அந்த மாதிரி நடந்துகொண்டால் 'சோம்பேறித்தனம்' என்று யார் சொன்னாலும் காதில் வாங்காமல் மருத்துவரிடம் அதை விளக்கிச் சொல்லுங்கள்.

கடைசியாக டிரெட்மில். வெயில் படாமல், குண்டும் குழியுமான தெருவில் இறங்காமல் நடக்கலாம் என்பதால் லூபஸ் உள்ளவர்களுக்கு அது பொருத்தமான கருவிதான். ஆனால் இப்போது வாங்க வேண்டாம். ஐந்து நிமிட நடைக்கு வீட்டுக் கூடமே போதும். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிவிட்டோமே என்ற எண்ணமே உங்களை அளவுக்கு மீறி நடக்க வைத்துவிடும். சில மாதம் கழித்து, தொந்தரவு இல்லாமல் பதினைந்து இருபது நிமிடம் நடக்க முடிந்து, தொடை இடுக்கு வலியும் இல்லை என்றால் அப்போது யோசியுங்கள். கைப்பிடி இருபுறமும் நீளமாக, மிகக் குறைந்த வேகத்திலும் தடங்கலில்லாமல் ஓடுவதாக, ஆடையில் மாட்டிக்கொள்ளும் நிறுத்துக் கயிறு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கடையில் ஏறி நின்று மிகக் குறைந்த வேகத்தில் நடந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். முதல் சில நாள் கணவர் பக்கத்தில் நிற்கட்டும்.